தையல் சாக்பீஸில் வரைந்த வலி

புடவைக் கரை வலது காலில் பட்டால் தணல் பட்ட மாதிரி இருக்கும். இதைச் சொல்லும்போதே எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்து உட்காருவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன். அடிபட்ட இடம் வலித்தால் எல்லோருக்கும் புரிகிறது. எலும்பு கூடிவிட்டது, தழும்பும் ஆறிவிட்டது, எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகும் துணி உரசினால் கண்ணில் தண்ணீர் வருகிறது என்றால் யாருக்குப் புரியும்? முதல் ஒன்றரை வருஷம் எனக்கே புரியவில்லை.

கடலூர் திருப்பாப்புலியூரில் 20 வருஷத்துக்கு மேலாக ஜாக்கெட் தைக்கிறேன். 2021 செப்டம்பரில் லைனிங் துணியும் லேசும் வாங்கப் புதுச்சேரி போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது, பெண்ணையாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாய் குறுக்கே வந்தது. வண்டி வலது பக்கம் சாய்ந்து என் காலின் மேலேயே விழுந்தது. வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பு முறிந்து, தகடும் 6 திருகும் வைத்தார்கள். மூன்று மாதத்தில் நடந்துவிட்டேன். அதுவரை எல்லாம் ஊரில் பத்துப் பேருக்கு நடப்பதுதான்.

அப்புறம் வந்ததுதான் வேறு. பாதத்தின் மேல்பகுதியில் எரிச்சல். நடுநடுவே சுளீர் என்று கரண்ட் அடித்த மாதிரி விரல் வரை ஓடும். சில நேரம் எறும்பு ஊரும், சில நேரம் மரத்துக் கிடக்கும். மரத்த இடத்திலேயே எரிச்சலும் இருக்கும். ராத்திரி போர்வை பட்டால் தூக்கம் போச்சு. மின்விசிறிக் காற்றுகூடப் பிடிக்காமல் பாதத்துக்கு மேல் ஒரு சின்ன ஸ்டூலைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் போர்வையைப் போட்டுத் தூங்கினேன். கல்யாணமாகி 24 வருஷமாகக் கழற்றாத மெட்டியை வலது காலில் மட்டும் கழற்றி வைத்தேன். என் அத்தை அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பூஜை அறையில் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்தார். மெஷின் பெடலை மிதிக்கும் கால் இதுதான் என்பதால் தொழிலும் பாதியாகக் குறைந்தது.

என்னென்ன பார்த்தோம் என்று எல்லாம் எழுதப் போவதில்லை. கால்சியம் மாத்திரை, வலி மாத்திரை, எண்ணெய் உருவுதல், அம்மா நேர்ந்துகொண்டு அழைத்துப்போன திருவதிகை. சூலை நோய் தீர்த்த தலம் என்று அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. கோயிலில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணெய் உருவியது பெரிய தவறு. தொட்டாலே எரியும் காலை அழுத்தி உருவினால் என்ன ஆகும்? ஒரு வாரம் கால் தரையில் படவில்லை. ஓர் இடத்தில், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கும்மா, மனசுலதான் இருக்கு" என்றார்கள். அன்று பேருந்தில் வரும்போது அழுதேன். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. இந்த ஒரு வரியை அன்று யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

ப்ரீகாபலின் மாத்திரை கொடுத்தபிறகு கொஞ்சம் குறைந்தது. நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை பெரிதாகக் கேட்காது. ப்ரீகாபலின், கேபாபென்டின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள்தான் முதலில் கொடுப்பார்கள். எனக்குத் தலை சுற்றியது, பகலில் கண் சொக்கியது, உடம்பு 6 கிலோ ஏறியது. மெஷின் ஊசிக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு தூங்கி விழுந்திருக்கிறேன். எரிச்சலில் ஒருநாள் நானே மாத்திரையை மொத்தமாக நிறுத்திவிட்டேன். அப்படிச் செய்யவே கூடாது. இரண்டு ராத்திரி தூக்கமில்லை, வியர்த்துக் கொட்டியது, படபடப்பு, வலி பழையபடி திரும்பி வந்தது. குறைப்பதாக இருந்தால் டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

திருப்பம் வந்தது மஞ்சக்குப்பத்தில், பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணால். "அக்கா, கால் பூராவும் வலிக்குதுன்னு சொல்லாதீங்க. எங்க வலிக்குது, எங்க வலிக்கல, அந்தக் கோட்டைக் கண்டுபிடிங்க" என்றாள். எனக்குக் கோடு போடத் தெரியும், அதுதானே தொழில். வீட்டுக்கு வந்து, பஞ்சை நூலில் கட்டிப் பாதத்தில் மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், எரிச்சல் ஆரம்பிக்கும் இடத்தில் எல்லாம் தையல் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்தபோது ஒரு வடிவம் வந்தது. கீழ்க்காலின் வெளிப்பக்கத்தில் ஆரம்பித்து, பாதத்தின் மேல்பகுதியில் பரவி, விரல்கள் வரை. உள்ளங்காலில் ஒன்றும் இல்லை. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், செருப்பின் வார் உட்காரும் அந்த இடுக்கில் மட்டும் வலியே இல்லை! அத்தனை நாள் செருப்புப் போட்டும் அதை நான் கவனித்ததில்லை. பாதத்தின் மேல் வரும் பட்டைதான் வலித்ததே தவிர, இடுக்கில் உட்காரும் வார் ஒருநாளும் வலிக்கவில்லை. மகள் அதை மொபைலில் படம் எடுத்தாள்.

அந்தப் படத்தைத்தான் புதுச்சேரியில் வலி மருத்துவரிடம் காட்டினோம். வலிக்கென்றே தனியாக மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பெரும்பாலும் மயக்க மருந்துத் துறையில் படித்தவர்கள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதை யாரும்மா வரைஞ்சது?" என்றார். "நான்தான் சார், டெய்லர்" என்றேன். "அந்த இடுக்கு வலிக்கலைங்கறதுலயே பாதி சொல்லிட்டீங்க" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பாதத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு நரம்பு. கீழ்க்காலின் வெளிப்பக்கமாக இறங்கி, தோலுக்கு அடியில் வந்து, பாதத்தின் மேல்பகுதி முழுக்கக் கிளை பிரியும் நரம்புக்குச் சூப்பர்ஃபிஷியல் பெரோனியல் என்று பெயர். கட்டைவிரல் இடுக்குக்கு மட்டும் உணர்ச்சி கொடுப்பது அதன் உடன்பிறப்பான இன்னொரு நரம்பு, ஆழத்தில் ஓடுவது. கணுக்காலுக்கு வெளிப்பக்கம் தகடு வைக்கும் இடத்தை ஒட்டியே முதல் நரம்பின் பாதை போகிறது. எலும்பு முறிந்த வேகத்திலேயே இழுபட்டிருக்கலாம், அறுவைசிகிச்சையில் பட்டிருக்கலாம், தழும்பில் சிக்கியிருக்கலாம். நரம்பு சேதியை எப்படிக் கொண்டுபோகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையில் அந்த நரம்பின் அலை இடது காலைவிடக் குறைவாக வந்தது. அல்ட்ராசவுண்டில் தழும்புக்குப் பக்கத்தில் நரம்பு சற்றுப் புடைத்திருப்பது தெரிந்தது. திரையில் அதைக் காட்டியபோது, பைத்தியம் என்று யாரும் இனி சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன். நரம்பு வலி உள்ளவர்கள் யாராக இருந்தாலும், மருத்துவரிடம் போகும் முன் இப்படி ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டு போங்கள். பேனாவால் வரைந்தாலும் சரி.

அடுத்ததாக ஒரு சோதனை ஊசி. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே அந்த நரம்பைச் சுற்றி மட்டும் மரத்துப்போகும் மருந்தைப் போட்டார். அந்த ஒரு நரம்பை மட்டும் மரக்க வைத்து வலி போனால், வலி அங்கிருந்துதான் வருகிறது என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் எரிச்சல் அணைந்தது. விளக்கை அணைத்த மாதிரி இல்லை, அடுப்பில் தண்ணீர் தெளித்த மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. "மரத்த கால், பார்த்து நடங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நேராகக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். காந்தி சிலைக்குப் பக்கத்தில் புடவைக் கரை பாதத்தில் புரள, வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கைப்பையில் கொண்டுவந்திருந்த மெட்டியை எடுத்து அங்கேயே உட்கார்ந்து போட்டேன். இரண்டரை மணி நேரம். திரும்பும் பேருந்து கிருமாம்பாக்கம் தாண்டும்போது எரிச்சல் மெல்லத் தலைகாட்டியது, பாலம் ஏறும்போது முழுசாக வந்துவிட்டது. ஆனால் நான் அழவில்லை. வலிக்கு முகவரி கிடைத்துவிட்டதே.

ஸ்டீராய்டு கலந்த ஊசி இரண்டு முறை போட்டோம், மூன்று வாரம் வீதம் நின்றது. ஊசி முனை வழியாக விட்டுவிட்டு மின்னலை கொடுத்து நரம்பை அமைதிப்படுத்தும் பல்ஸ்டு ரேடியோ அதிர்வெண் சிகிச்சை ஒருமுறை, சுமார் நான்கு மாதம் தாங்கியது. அதற்குப் பிறகுதான் டாக்டர் நரம்புத் தூண்டல் கருவியைப் பற்றிப் பேசினார். நரம்புக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பி ஒன்றைப் பதித்து, லேசான மின்துடிப்பு கொடுப்பது. எனக்கு முதலில் பயம்தான் வந்தது. ஏற்கெனவே கரண்ட் அடிப்பது போல வலிக்கும் காலில் இன்னும் கரண்டா?

"முழங்கையை இடிச்சிக்கிட்டா என்னம்மா செய்வீங்க?" என்றார்.

"தேய்ச்சி விடுவேன்."

"ஏன் தேய்ச்சா குறையுது?"

எனக்குத் தெரியவில்லை, அவரே விளக்கினார். தொடுதலைச் சொல்லும் நரம்பு இழைகள் தடிமனானவை, சேதியை வேகமாகக் கொண்டுபோகும். வலியைச் சொல்லும் இழைகளில் பெரும்பாலானவை மெல்லியவை, மெதுவானவை. இரண்டும் தண்டுவடத்தில் ஒரே வாசலுக்கு வந்துதான் மூளைக்கு ஏற வேண்டும். தொடுதல் சேதி நிறைய வந்தால் வாசல் வலிக்குப் பாதி சாத்திக்கொள்கிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965இல் சொன்ன கருத்து இது. இரண்டு வருஷம் கழித்து, 1967இல், அதே பேட்ரிக் வாலும் வில்லியம் ஸ்வீட் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் நரம்பில் மின்துடிப்புக் கொடுத்து வலியைக் குறைத்துக் காட்டினார்கள். நோயாளிகளுக்குச் செய்யும் முன் தங்கள் முகத்து நரம்பிலேயே ஊசியைச் செலுத்திப் பார்த்துக்கொண்டார்களாம். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போனது. பிற்பாடு இன்னொன்றும் படித்தேன். ரோமாபுரியில் 2000 வருஷத்துக்கு முன்னால் ஒரு மருத்துவர், கால்வலிக்காரரை ஈரமான கடற்கரையில் நிற்க வைத்து, மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை உயிரோடு காலுக்கு அடியில் வைத்து, முழங்கால் வரை மரக்கும்வரை நிற்கச் சொன்னாராம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வலை பிரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த ஞாபகம்தான்.

உடனே கம்பிக்குப் போய்விடவில்லை. முதலில் தோலுக்கு மேலேயே ஒட்டிக்கொண்டு லேசான மின்துடிப்பு கொடுக்கும் டென்ஸ் கருவியை வாடகைக்கு எடுத்துப் பார்க்கச் சொன்னார். விலைக்கு வாங்கினாலும் சில ஆயிரம் ரூபாய்தான். எரியும் இடத்தில் பட்டையை ஒட்டவே முடியாது, அதனால் அதற்கு மேலே, கீழ்க்காலின் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். போட்டிருக்கும்வரை கொஞ்சம் இதம், எடுத்த அரை மணியில் போய்விடும். சிலருக்கு இந்த டென்ஸே போதுமாக இருக்கிறது. லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன் இதை முழுசாக ஒரு மாதம் முயன்று பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கம்பி வைப்பதற்கு முன் மனநல நிபுணரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது. மறுபடியும் 'மனசுலதான்' கதையா என்று கேட்டேவிட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. வலி நரம்பில்தான் இருக்கிறது, ஆனால் இத்தனை நாள் தூங்காத உடம்பில் மனசும் அடிபட்டிருக்கும், அதைப் பார்க்காமல் கம்பியை மட்டும் வைத்தால் பலன் குறையும் என்றார். போனேன். ஒரு மணி நேரம் பேசினேன். வலியைப் பற்றி வீட்டில் சொல்வதையே நிறுத்திவிட்டிருந்தேன் என்பது அங்கே பேசும்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் கேட்ட ஒரு கேள்வி பெரிய உதவி: "வலி பாதியாகிட்டா, முதல்ல எதைச் செய்வீங்க?" நான் யோசித்து மூன்று சொன்னேன். தொடர்ந்து ஒரு மணி நேரம் பெடல் மிதிக்க வேண்டும். ராத்திரி நான்கு மணி நேரமாவது விழிக்காமல் தூங்க வேண்டும். மெட்டி போட வேண்டும். அந்த மூன்றும்தான் பிறகு எனக்கு அளவுகோலாக நின்றன.

2024 ஜனவரியில், பொங்கல் கழித்து, சென்னையில் சோதனைக் கம்பி வைத்தார்கள். ஐப்பசி கார்த்திகையில் வேண்டாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். எங்கள் பக்கம் மழை பிடித்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், காலில் புண்ணோடு அதில் இறங்க முடியுமா?

மயக்கம் கொடுக்கவில்லை, தோலை மட்டும் மரக்கவைத்தார்கள். விழித்திருக்க வேண்டும், ஏனென்றால் கம்பி எங்கே நிற்கவேண்டும் என்று சொல்ல வேண்டியது நோயாளிதான். அல்ட்ராசவுண்டைப் பார்த்துக்கொண்டே ஊசி வழியாகக் கம்பியை நரம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மெல்ல மின்துடிப்பு விட்டார்கள். முதலில் பாதம் தானாக வெளிப்பக்கம் திரும்பியது. "இது தசைக்குப் போகுது, வேண்டாம்" என்று கொஞ்சம் நகர்த்தினார்கள். அடுத்து முழங்காலுக்குக் கீழே மட்டும் சிலிர்த்தது. மூன்றாவது தடவை, என் சாக் கோட்டுக்குள் அப்படியே சோடா ஊற்றிய மாதிரி மினுமினுவென்று பரவியது. "அங்கதான் சார், அங்கதான்" என்று கத்திவிட்டேன். இந்த இடத்தில் கூச்சப்படக் கூடாது. பரவாயில்லை, போதும் என்று சொல்லிவிடாதீர்கள். வலிக்கும் இடத்தை மினுமினுப்பு மூடும்வரை சொல்லிக்கொண்டே இருங்கள்.

கம்பியின் நுனி வெளியே வந்து ஒரு சின்னப் பெட்டியில் சேரும். அதோடு வீட்டுக்கு வந்து 7 நாள் இருந்தேன். குளியல் இல்லை, துடைத்துக்கொள்வதுதான். அந்த 7 நாளும் என் அளவு நோட்டில், கழுத்து தோள் கை என்று எழுதும் அதே கட்டங்களில், கணக்கு எழுதினேன். எத்தனை தடவை விழித்தேன், எத்தனை நிமிடம் மிதித்தேன், கரை பட்டபோது எப்படி இருந்தது. பத்துக்கு எட்டாக இருந்த வலி முதல் இரண்டு நாளில் இரண்டு என்று எழுதியிருந்தேன். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஆசையில எழுதாத, அஞ்சு நாள் போகட்டும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். மூன்றாம் நாளில் இருந்து மூன்று, நான்கு என்று நின்றது. ஐந்தாம் நாள், டாக்டர் சொன்னபடி அரை நாள் கருவியை நிறுத்தினோம். சாயங்காலத்துக்குள் எரிச்சல் ஆறுக்கு ஏறிவிட்டது. மறுபடி போட்டதும் ராத்திரிக்குள் இறங்கியது. அப்போதுதான் இது ஆசையில்லை, கருவியின் வேலைதான் என்று இரண்டு பேருக்கும் நம்பிக்கை வந்தது. வலி பாதியாவது குறைந்து, செய்ய முடியாத வேலைகளில் ஏதாவது செய்ய முடிந்தால்தான் நிரந்தரக் கம்பிக்குப் போவார்கள். என்னோடு அதே வாரம் சோதனை செய்த ஓர் அம்மாவுக்குக் கையில் பலன் வரவில்லை, எடுத்துவிட்டார்கள். அவருக்கு வருத்தம்தான். ஆனால் பெரிய செலவுக்கு முன்னால் தெரிந்ததே என்று அவர் மகன் சொன்னார். சோதனை இல்லாமல் நேராக நிரந்தரமாக வைத்துவிடலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால், ஏன் என்று கேளுங்கள்.

பணம். நிரந்தரக் கருவிக்குச் சில லட்சம் ஆனது. காப்பீட்டு நிறுவனம் முதலில் முடியாது என்று எழுதியது. எந்தெந்தச் சிகிச்சை செய்தும் பலனில்லை என்று தேதிவாரியாக டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். பழைய சீட்டுகள், ஊசி போட்ட ரசீதுகள், நரம்புப் பரிசோதனை அறிக்கை, என் அளவு நோட்டுப் பக்கத்தின் நகல் எல்லாம் சேர்த்து மறுபடி போட்டபோது ஒரு பகுதி கிடைத்தது. மீதிக்கு நகை அடகு. நான் ஒரு காகிதத்தையும் தூக்கிப்போடாமல் வைத்திருந்தது அன்று கைகொடுத்தது. பேசும்போது கருவியின் விலையை மட்டும் கேட்காதீர்கள். கருவியைத் தோலில் ஒட்டும் பட்டைக்கு மாதாமாதம் எவ்வளவு, பழுதானால் யார் பொறுப்பு, அளவு மாற்ற ஒவ்வொரு தடவையும் சென்னை வரவேண்டுமா, இதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் பட்டைச் செலவைக் கேட்க மறந்துவிட்டோம்.

எனக்கு வைத்த வகையில் உடம்புக்குள் பேட்டரி கிடையாது. பிப்ரவரியில் கம்பியை மட்டும் முழுசாகத் தோலுக்கு அடியில் பதித்தார்கள். அதற்கு நேர் மேலே, தோலில் பட்டையால் ஒட்டிக்கொள்ளும் சின்ன வில்லை ஒன்று மின்துடிப்பை உள்ளே அனுப்புகிறது. பேட்டரியும் உள்ளேயே இருக்கும் வகைகளும் உண்டு. வில்லை ஒட்டுவதில் நம் ஊருக்கென்று இரண்டு தொந்தரவு. ஒன்று வியர்வை. கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில், அதுவும் கத்திரி வெயிலில், மதியத்துக்குள் பட்டை கழன்றுவிடும். இன்னொன்று தேங்காய் எண்ணெய். காலில் எண்ணெய் தேய்க்கும் பழக்கத்தை அந்த ஒரு சாண் இடத்தில் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஒட்டவே ஒட்டாது. நான் சோப்பில் கழுவி, நன்றாக உலரவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒட்டுகிறேன். ஒரே இடத்தில் தொடர்ந்து ஒட்டியதில் தோல் சிவந்து அரித்தது. இப்போது கொஞ்சம் நகர்த்தி நகர்த்தி ஒட்டுவதில் அது இல்லை.

ஆறு வாரம் குந்தி உட்காரக் கூடாது, காலை முறுக்கக் கூடாது என்றார்கள். மாசி மகத்துக்கு வெள்ளிக் கடற்கரைக்குப் போனபோதுகூட மணலில் இறங்காமல் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்துதான் சாமி பார்த்தேன். அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, நான்காவது வாரம் கடையில் கீழே விழுந்த நூல் சுற்றும் பாபின் மெஷினுக்கு அடியில் உருண்டதும், பழக்கத்தில் குந்தி எடுத்துவிட்டேன். மறுநாள் மினுமினுப்பு பாதத்தில் இல்லை, முழந்தாளுக்குக் கீழே நின்றது. கம்பி லேசாக நகர்ந்திருந்தது. நல்லவேளை, கம்பியில் ஒரே இடத்தில் இருந்து மட்டும் மின்துடிப்பு வருவதில்லை, வரிசையாகச் சில முனைகள் இருக்கின்றன. எது வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றி அமைத்ததில் பாதத்துக்குத் திரும்பியது. சுண்டுவிரல் பக்கம் மட்டும் முன்போல மூடவில்லை. அது என் தவறு. கம்பி வைத்தபின் அந்த ஆறு வாரம் வீட்டில் யாராவது உடனிருந்து குனியும் வேலைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கம்பி நகர்வது, அறுவது, புண்ணில் சீழ் பிடிப்பது, இவைதான் இதில் வரக்கூடிய முக்கியமான சிக்கல்கள். சிவந்து சூடாக இருந்தாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, இதை எல்லோரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். தோள்வலி என்று வேறு ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். டயாதெர்மி என்ற சூட்டுச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். கருவி காலில்தானே இருக்கிறது, தோளுக்குத்தானே கொடுக்கப் போகிறோம் என்றார்கள். கம்பி பதித்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை எடுத்துக் காட்டினேன். உள்ளே கம்பி பதித்தவர்களுக்கு உடம்பில் எந்த இடத்திலும் டயாதெர்மி கூடாது. அது கம்பியைச் சூடாக்கித் திசுவைப் பொசுக்கிவிடும். எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தாலும் எந்தக் கருவி, எந்த நிபந்தனையில் எடுக்கலாம் என்று கேட்டபிறகுதான். அந்த அட்டை என் பர்ஸில் ஒன்று, வீட்டுக்காரர் பர்ஸில் ஒன்று.

இப்போது வலி போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. பத்தில் மூன்று இருக்கிறது, மழை நாளில் நான்கு. ப்ரீகாபலின் ராத்திரி மட்டும், பழைய அளவில் பாதி. ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதிக்கிறேன். ஐந்து மணி நேரம் தூங்குகிறேன். மெட்டி போட்டிருக்கிறேன், ஆனால் இறுக்கம் இல்லாததாகப் புதிதாகச் செய்யச் சொல்லி. பழையது பூஜை அறையிலேயே இருக்கிறது.

போன மாதம், முதுநகரில் இருந்து மீன் கூடை கொண்டுவரும் அக்கா ஜாக்கெட் வாங்க வந்தார். என் காலில் வில்லையைப் பார்த்துவிட்டு, "எனக்கும் காலெரிச்சல்தான் தங்கச்சி, ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, இதை வெச்சா போயிடுமா?" என்று கேட்டார். பெஞ்சில் உட்கார வைத்து, பஞ்சை எடுத்து, அவர் காலில் சாக்கால் வரைந்தேன். கோடு ஒரு நரம்போடு நிற்கவில்லை. இரண்டு காலிலும், முன்னும் பின்னும், உள்ளங்கால் உட்பட, சாக்ஸ் போட்ட மாதிரி சுற்றி வந்தது. "சர்க்கரை பார்த்தீங்களாக்கா?" என்றேன். இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை என்றார். "அக்கா, உங்க வலி வேற, என் வலி வேற. எனக்கு ஒரு நரம்பு, உங்களுக்குப் பல நரம்பும் சேர்ந்து எரியுது. முதல்ல சர்க்கரையை அடக்கணும், அப்புறம் அதுக்குன்னே மாத்திரை இருக்கு. வெறுங்காலோட மணல்ல நடக்காதீங்க, முள்ளு குத்தினாக்கூடத் தெரியாது" என்று சொல்லி, இரண்டு காலையும் படம் எடுத்து அவர் மகனுக்கு அனுப்பினேன். நாளைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன் என்று பதில் வந்தது.